கரடியின் ஜீப்பும் ஒரு குடம் தலைப்பிரட்டைகளும்

காட்டில் கோடை. குளம் வற்றிவிட்டது. மிஞ்சிய தண்ணீரை அல்லி என்ற தவளை ஒரு குடத்தில் எடுத்தது. அதில் அதன் குஞ்சுகளான தலைப்பிரட்டைகள் நீந்தின. வெயில் ஏறுவதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஏரியில் அவற்றை விட வேண்டும். இல்லையென்றால் குடம் சூடாகிக் குஞ்சுகள் செத்துவிடும்.

காட்டில் ஒரே ஒரு ஜீப் இருந்தது. சடையன் என்ற கரடி அதை ஓட்டியது. சடையனுக்கு ஓட்டத் தெரியும். ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

ஆனால் பக்தி அதிகம். அன்று காலையிலும் ஜீப்பைக் கழுவி, மாலை போட்டு, முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கட்டி, பானெட்டின் மேல் சந்தனம் பூசியது. பானெட்டைத் திறந்து உள்ளே பார்க்க மட்டும் நேரமில்லை.

அல்லி ஏறும்போது கீழே எட்டிப் பார்த்தது.

"சடையண்ணே, வண்டிக்கு அடியில் ஈரமாக இருக்கிறதே!"

"இப்போதுதான் கழுவினேன், தங்கச்சி."

"கழுவிய தண்ணீர் காய்ந்துவிட்டது. இது இன்னும் சொட்டுகிறது."

"பூஜை போட்ட வண்டியைக் குறை சொல்லாதே!" என்றது கரடி.

பின் இருக்கையில் ஒரு நரி இருந்தது. ஏரிக்கரையில் அதற்கு ஒரு கல்யாணச் சாப்பாடு. "ஈரத்தைக் கண்டால் தவளைக்கு ஆராய்ச்சி! கிளம்புங்க அண்ணே, பந்தி முடிந்துவிடும்!" என்றது.

ஜீப் மலை ஏறியது. பாதி வழியில் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"அது என்ன அண்ணே?" என்று அல்லி கேட்டது.

"தெரியவில்லை. கண் கூசுகிறது!" என்ற கரடி, மீதியிருந்த சந்தனத்தை அதன்மேல் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தது. "இப்போது பார், எவ்வளவு லட்சணம்!"

லட்சணம் அடுத்த வளைவு வரை நீடித்தது. பிறகு பானெட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பி ஜீப் நின்றது.

நரி குதித்து ஓடிப் பானெட்டைத் தூக்கியது. "மூடியைத் தொடாதே! உள்ளே கொதிக்கிறது!" என்று அல்லி கத்தியது. பந்திக்கு அவசரப்பட்ட நரி ரேடியேட்டர் மூடியைத் திருகியது. கொதிநீர் பீறிட்டது. நரியின் மீசை ஒரு பக்கம் சுருண்டது.

"ஐயோ, என் மீசை! கல்யாணத்துக்கு எப்படிப் போவேன்?"

ரேடியேட்டர் காலி. சுற்றிலும் பாறை. தண்ணீர் ஒரே இடத்தில்தான் இருந்தது. நரி குடத்தைப் பார்த்தது.

"தலைப்பிரட்டைதானே! அடுத்த மழைக்கு அல்லியக்கா இன்னொரு குடம் பெற்றுக்கொள்வாள். ஊற்றுங்க அண்ணே!"

கரடி குடத்தைத் தூக்கியது. அல்லி அதன் கையில் பாய்ந்து ஒட்டிக்கொண்டது.

"வண்டி நகராவிட்டால் என் பிள்ளைகள் இங்கேயே வெந்துவிடும். அதனால் பாதித் தண்ணீர் தருகிறேன். ஆனால் ஊற்றியது ஒழுகிப்போனால் மீதிப் பாதியையும் கேட்பீர்கள். முதலில் எஞ்சின் ஆறட்டும். ஓட்டையை அடையுங்கள். அப்புறம் ஊற்றலாம்."

கரடிக்கு வெட்கமாகிவிட்டது. எஞ்சின் ஆறும்வரை அதுவே குடத்தின்மேல் குனிந்து நிழல் கொடுத்தது. நரி தன் பாட்டுக்குப் புலம்பியது. ஆறியதும் அல்லி உள்ளே புகுந்து, ஈரம் போன வழியே போய், ரப்பர் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் இடத்தைக் காட்டியது.

"இந்தக் கிளிப் தளர்ந்திருக்கிறது!"

கரடி ஸ்க்ரூடிரைவரால் ஒரு திருகு திருகியது. கிளிப் இறுகியது.

"இவ்வளவுதானா?" என்றது கரடி.

"காலையில் இவ்வளவுதான் அண்ணே. இப்போது என் பிள்ளைகளின் உயிரில் பாதி!"

கரடி தன் அகன்ற கையைக் குடத்தின் வாயில் வடிகட்டிபோல் வைத்துப் பாதித் தண்ணீரை மட்டும் ரேடியேட்டரில் வடித்தது. ஒரு தலைப்பிரட்டையும் வெளியே வரவில்லை. பிறகு விளக்கின்மேல் இருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு, அதில் ஒரு கண் வைத்து மெல்ல ஓட்டியது.

ஏரியில் குடத்தைக் கவிழ்த்தபோது குஞ்சுகள் சிறிது நேரம் அசையாமல் மிதந்தன. ஒரு வால் துடித்தது. பிறகு எல்லா வால்களும் துடித்தன!

மறுநாள் நரி ஊர் திரும்ப ஏரிக்கரையில் நின்ற ஜீப்புக்கு வந்து, "கிளம்புங்க அண்ணே!" என்றது.

கரடி பானெட்டைத் திறந்து வைத்து, ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆயில் பார்த்தாயிற்று. இனி பிரேக், அப்புறம் டயரில் காற்று. அவசரமென்றால் நடந்து போ, தம்பி!"

நரி மலையைப் பார்த்தது. சுருண்ட மீசையைத் தடவியபடி ஓர் ஓரமாக உட்கார்ந்தது.

வண்டி முதலில் சின்னதாகத்தான் குறை சொல்லும். அதை அப்போதே கேட்டுச் சரிசெய்பவரே ஊர் போய்ச் சேருவார்.