அழுக்காகாத பதினாறாம் நம்பர்

எங்க கடலோர ஊரு ஃபுட்பால் டீம் அஞ்சு மேட்ச்சா ஒரு கோல்கூட போடல. தலைவர் அந்தோணிபிச்சைக்குக் கோபம்னா கோபம். மிக்கேலைக் கூப்பிட்டாரு. ஆட எடம் கிடைக்காம நாலு வருஷமா பெஞ்ச்சுல உக்காந்து, மேட்ச் முடிஞ்சதும் எல்லார் ஜெர்சியையும் துவைக்கிறவன் அவன்.

"ஏலே, முன்வரிசை நாலு பேரும் எப்படி ஆடுறானுவன்னு நீதான் பக்கத்துல இருந்து பாக்குற. மார்க் போட்டுக் குடு. பொய் இருக்கக் கூடாது. ஆனா என் மவன் ரெனால்டுதான் முதல்ல வரணும். இல்லேன்னா உனக்கு பெஞ்ச்சும் கிடையாது."

"மார்க்க நீங்களே போடுங்க தலைவரே"ன்னான் மிக்கேல். அன்னைக்கு ஆடின நாலு ஜெர்சியையும் துவைக்காம, முதுகு நம்பர் தெரியாதபடி கொடியில தொங்க விட்டான்.

டீமே வேடிக்கை பாக்குது. தோள்பட்டை கிழிஞ்சு நெஞ்செல்லாம் சேறா இருந்த ஒண்ணைத் தலைவர் புடிச்சாரு. "இதுதாம்லே ஆட்டம்! இது என் மவனோடது. நூத்துக்கு நூறு!"

மிக்கேல் திருப்பிக் காட்டினான். ஏழாம் நம்பர், ஜெரோனோடது. தலைவர் அவசரமா மத்ததையும் திருப்பினாரு. மடிப்புக்கூடக் கலையாம பவுடர் வாசம் அடிச்சதுதான் ரெனால்டோடது. சிரிப்ப அடக்க எல்லாரும் கடல் பக்கம் பாத்தாங்க.

தலைவர் தொண்டையக் கனைச்சாரு. "சரி, அவன் எடத்துக்கு யாரு?"

மிக்கேல் பையில இருந்து தன்னோட பதினாறாம் நம்பர் ஜெர்சியை எடுத்தான். "நாலு வருஷமா இதையும் சேத்துத்தான் துவைக்கிறேன் தலைவரே. ஒரு தடவகூட அழுக்காகல."

அடுத்த ஞாயிறு மழை. மிக்கேல் பத்து நிமிஷம் ஆடினான், மூணு தடவ விழுந்தான். அன்னைக்கும் எல்லார் ஜெர்சியையும் துவச்சான்.

பதினாறை மட்டும் இன்னும் துவைக்கல.