முயலுக்கும் ஒரு பானை

கரட்டூர் ஜமீனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி விருந்துக்கு வந்தார். வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? வாசலில் நின்ற செவலை என்ற சிப்பிப்பாறை வேட்டை நாயைப் பார்த்து, "அரமனையில நாய்க்குச் சோறு கிடையாதோ? விலாவை எண்ணிரலாம் போலிருக்கே!" என்று சிரித்துவிட்டார்.

ஜமீன்தாருக்கு மீசை துடித்தது. நாய் வளர்க்கும் உலகம்மாவைக் கூப்பிட்டார்.

"மாசி வேட்டைக்குள்ள இதுக்கு ஒரு விலாகூட வெளியே தெரியக் கூடாது. முயலையும் இதுதான் பிடிக்கணும். ரெண்டுல ஒண்ணு தப்பினாலும் நாயும் நீயும் ஊரைவிட்டு ஓடணும்!"

"மகராசா, வயிறு ஒட்டியிருந்தாத்தான் இந்தச் சாதிக்கு ஓட்டம். கம்பங்கூழும் மோரும்..."

"எதுத்துப் பேசாதே! அடுப்படியில நெய்ச்சோறு வாங்கிப் போடு."

விடிந்ததும் உலகம்மா இரண்டு பானை நெய்ச்சோறு வாங்கினாள். ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தலையிலும் வைத்துக்கொண்டு, ஜமீன்தாரும் சம்பந்தியும் உட்கார்ந்திருந்த முற்றம் வழியாகவே நடந்தாள்.

"நில்லு! எதுக்கு ரெண்டு பானை?"

"இடுப்புல இருக்கிறது செவலைக்கு. தலையில இருக்கிறது காட்டு முயலுக்கு, மகராசா."

"முயலுக்கா?"

"செவலை மட்டும் கொழுத்தா முயல் எப்படி எட்டும்? அதுவும் கொழுத்தாத்தானே ரெண்டும் ஒண்ணா உருளும்! மிச்சம் வைக்காமச் சாப்பிடணும்னு முயலுகளுக்கு ஒரு உத்தரவு மட்டும் போட்டிருங்க."

சம்பந்தி வயிறு குலுங்கச் சிரித்தார். "செவலை குட்டி போட்டா எனக்கு ஒண்ணு வேணும். விலா தெரியணும், ஆமா!"

ஜமீன்தாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "போ, கூழையே ஊத்து!"

செவலை கூழை நக்கிக் குடித்தது. நெய்ச்சோறு இரண்டு பானையையும் உலகம்மாவின் தெருப் பிள்ளைகள், உத்தரவுப்படி, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.