பனிக்கடியில் ஒரு விதை

அந்தக் காலத்தில், பறவையும் மரமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, தென்துருவம் முழுக்கக் காடாக இருந்தது. பென்குயினுக்கு அப்போது நீண்ட சிறகுகள். வானத்தில் அவனை முந்த ஆள் கிடையாது. அதை அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒரு வருடம் குளிர் வந்தது, போகவில்லை. பனி மரங்களின் இடுப்புவரை ஏறியது. பறக்கத் தெரிந்தவர்கள் கிளம்பினார்கள். பென்குயின் முட்டையிலிருந்து வெளிவந்து வளர்ந்த தாய்மரம் அவனைக் கூப்பிட்டது. அதனிடம் ஒரே ஒரு விதை மிச்சமிருந்தது.

"கடல் தாண்டி எங்கேயாவது ஈரமண்ணில் போட்டுவிடு, கண்ணு. எனக்குக் கால் கிடையாது. வழியில் எங்கேயும் கீழே வைத்துவிடாதே."

இதெல்லாம் ஒரு வேலையா என்று சொல்லி, விதையை அலகில் வாங்கிக்கொண்டு பறந்தான்.

கடலோரத்தில் மீன்கள் கூட்டமாகப் புரண்டன. அவனுக்குப் பெரிய பசி இல்லை. ஆனால் வாயில் விதையோடு மீனைப் பார்த்துக்கொண்டு போக மனம் வரவில்லை. ஒரு நிமிடம்தானே என்று விதையைப் பனிமேல் வைத்தான். ஒரு மீன், பிறகு இன்னொரு மீன். மேலே போன ஆலாப் பறவை, "கல்யாணச் சாப்பாடா மாமா? வைத்த பொருள் பத்திரம்" என்று கிண்டல் செய்தது. அவனும் சிரித்தான். திரும்பிப் பார்த்தபோது வைத்த இடம் தெரியவில்லை. புதுப்பனி விழுந்து இறுகிவிட்டிருந்தது.

சிறகால் அடித்து அடித்துத் தோண்டினான். இறகுகள் உதிர்ந்தன. சிறகுகள் தேய்ந்து இரண்டு துடுப்புகளாயின. விதை ஆழத்தில் பச்சையாகத் தெரிந்தது, எட்டவில்லை.

நடந்தே திரும்பினான். மரம் கழுத்துவரை புதைந்திருந்தது.

"முளைத்ததா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"முளைத்தது. இரண்டு இலை விட்டிருக்கிறது."

மரம் அவன் சிறகுகளைப் பார்த்தது. "பாவம், எவ்வளவு தூரம் பறந்திருக்கிறாய்" என்றது. அந்தச் சொல்லோடு பனி அதை மூடியது.

அவன் பனியிடம் கெஞ்சினான். விதையைக் கொடு, இல்லையென்றால் மரத்தையாவது ஒருமுறை காட்டு என்றான்.

"என்னிடம் வந்தது எதுவும் கெடாது" என்றது பனி. "மரம் அப்படியே இருக்கும். விதையும் இருக்கும். நீ சொன்ன பொய்யும் இருக்கும்."

அதன்பின் யார் முகத்திலும் விழிக்க அவனுக்குக் கூசியது. மரம் புதைந்த இடத்தை விட்டும் போகவில்லை. அவன் மனைவி முட்டையிட்டுவிட்டு இரை தேடக் கடலுக்குக் கிளம்பியபோது, பசித்தால் முட்டையைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு வந்து இரண்டு மீன் தின்னச் சொன்னாள். அவனோ முட்டையைப் பாதங்களின்மேல் ஏற்றிக்கொண்டு அசையாமல் நின்றான்.

அன்று முதல்தான் ஆண் பென்குயின்கள் குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்து, முட்டையைப் பனியில் படவிடாமல் காலிலேயே தாங்குகின்றன. குனிந்த தலையைப் பார்த்து, முட்டையைத்தான் பார்க்கின்றன என்று நாம் நினைக்கிறோம். அவற்றின் பார்வை அதற்கும் கீழே போகிறது.