கடைசி வரிசைக்குப் பின்னால்

“ஒரு நடனத்தை ஒருத்தனே செஞ்சு முடிக்க முடியாதா, மாஸ்டர்?” என்று அறவாழி கேட்டான்.

“சாப்டீங்களா?” என்றார் பிலோமினா மாஸ்டர்.

மதியச் சாப்பாட்டு நேரம். அரங்கத்து ஆட்களெல்லாம் வெளியே போயிருந்தார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே இவர்கள் இருவர் மட்டும்தான். மறுநாள் மாலை அவனுடைய புதிய பாலேவின் முதல் காட்சி. கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணைக் காணவில்லை என்றால் தகப்பன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவன் முகம்.

மாஸ்டர் அவனைவிட இரண்டு வயது இளையவர். அதனால் என்ன, மாஸ்டர் மாஸ்டர்தான். முப்பது வயதில் வங்கி வேலையை உதறிவிட்டு, “எனக்கு பாலே ஆடணும்” என்று அவன் வந்து நின்றபோது ஊர் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. பயிற்சிக் கூடத்துச் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். பத்து வருடம் ஆடினான். முட்டி கெஞ்ச ஆரம்பித்ததும் ஆடுவதை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு நடனம் அமைக்கத் தொடங்கினான். பெங்களூர், சிங்கப்பூர், லியோன் என்று அவன் நடனங்கள் ஊர் ஊராகப் போயின. சுவரொட்டியில் அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே ‘ஒளி: நத்தர்ஷா’ என்று ஒரு வரி. கண்ணாடி போட்டால்தான் தெரியும்.

திருச்சிக்காரன் நத்தர்ஷா. அறவாழி ஆடத் தொடங்கிய காலத்திலிருந்தே அவன் மேடைகளுக்கெல்லாம் விளக்கு அமைத்தவன். இரண்டு பேரும் ஒத்திகையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கோழிச் சண்டை போடுவார்கள். சண்டை முடியும்போது நடனத்தில் ஏதாவது ஒன்று சரியாகியிருக்கும்.

போன வருடம் டெல்லி விழாவில்தான் வினை வந்தது. ‘விளக்குகள் ஆடின, ஆடியவர்கள் நின்றார்கள்’ என்று ஒரு பத்திரிகை எழுதியது. அன்று மேடையில் எல்லோரும் இருக்கும்போது அறவாழி சொன்னான்: “லைட் போடறவன் லைட் போட்டாப் போதும். நடனம் எப்படி இருக்கணும்னு நான் பாத்துக்கறேன்.”

நத்தர்ஷா கேபிளை நிதானமாகச் சுற்றிப் பெட்டியில் வைத்தான். மறுநாள் ரயிலில் அவன் இருக்கை காலியாக வந்தது.

அதன் பிறகு அறவாழி தானே விளக்கும் அமைத்துக்கொண்டான். கூலிக்கு ஒரு ஆள், இவன் சொல்லும் பொத்தானை அழுத்த. நாம் எதில் குறைந்துவிட்டோம் என்று ஒரு வீம்பு. ஆனால் ஒத்திகையில் ஏதாவது ஒரு அசைவு அழகாக விழுந்துவிட்டால் “பாத்தியாடா?” என்று வலதுபக்கம் திரும்பிவிடுவான். அந்த நாற்காலியில் அவன் பை இருக்கும். பையிடம் என்ன சொல்வது? திரும்பவும் மேடையைப் பார்ப்பான். அதை ஒருவரிடமும் சொல்ல முடியாது, ஏனென்றால் சொல்லக்கூடிய ஒரே ஆள் நத்தர்ஷாதான்.

அன்று காலை ஒத்திகையில் ஜெனிதா விழுந்துவிட்டாள்.

புதிய நடனத்தில் ஆடுகிறவள் அவள் ஒருத்திதான். பயிற்சிக் கூடத்தின் கண்ணாடிக்கு முன்னால் மாதக்கணக்கில் பிசகில்லாமல் ஆடியவள். பெரிய மேடை இதுதான் முதல் தடவை. அறவாழி அரங்கத்தைக் கும்மிருட்டாக்கி, பக்கவாட்டிலிருந்து மட்டும் வெளிச்சம் விட்டிருந்தான். அந்த இருட்டில் ஒரு பெண் தனியாகச் சுழன்று சுழன்று மேடையைக் கடக்க வேண்டும். நடனத்தின் உயிரே அந்தச் சுழற்சிதான். அவள் சுழன்றாள், திசை தவறினாள், மேடை விளிம்பில் ஒரு கால் வெளியே போய்விட்டது. ஓரத்தில் நின்றவர்கள் உடையைப் பிடித்து இழுத்ததால் முட்டியோடு போயிற்று.

“சார், சுத்தச் சுத்த ஸ்டேஜே கோணிக்கிட்டுப் போவுது சார்” என்று அழுதாள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று அறவாழி சொல்லிவிட்டான்.

பெண் சட்டென்று அழுகையை நிறுத்திக்கொண்டாள். அது அழுததைவிட மோசமாக இருந்தது.

இதெல்லாம் நடக்கும்போது மாஸ்டர் பின்னால் எங்கோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

“சுழற்சிய வெட்டிட்டா அது நடனமே இல்ல. வெட்டலேன்னா நாளைக்கு அந்தப் பொண்ணு ஜனங்க மேல விழுவா” என்றான் இப்போது. “என்ன பண்றதுன்னே தெரியல, மாஸ்டர்.”

“மேடைல ஏறுங்க.”

“நானா?”

“உங்களத்தான். ஷூவக் கழட்டிட்டு ஏறுங்க. அந்தப் பொண்ணு சுத்தற இடத்துல நாலே நாலு சுத்து.”

“என் முட்டி இருக்கற நிலைமையில…”

“அவ முட்டியும் அப்படித்தான் இருக்கு.”

அறவாழி ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினான். மாஸ்டர் போய் விளக்கு மேசையில் பொத்தான்களை அழுத்தினார். அரங்கம் அணைந்தது. பக்கவாட்டு விளக்குகள் எரிந்தன. இருபுறமும் வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடித்தது. எதிரே நாற்காலிகள் இல்லை, சுவர் இல்லை, மாஸ்டரும் இல்லை. வெறும் கருப்பு.

சுழல்வதற்கு ஒரு வழி உண்டு. எதிரே ஒரு புள்ளியைக் கண்ணால் பிடித்துக்கொள்ள வேண்டும். உடம்பு திரும்பிப் போனாலும் தலை கடைசிவரை அங்கேயே நின்று, பிறகு வெடுக்கென்று சுற்றி வந்து மறுபடி அதையே பிடிக்க வேண்டும். அந்தப் பிடி இருக்கிறவரை திசை தப்பாது. அறவாழியின் உடம்புக்கு இது மறக்கவில்லை. பழக்கத்தில் கண் புள்ளியைத் தேடிப் போனது.

புள்ளி இல்லை.

சுழன்றான். இரண்டாவது சுற்றிலேயே எது முன்பக்கம் என்று தெரியவில்லை. தட்டுத் தடுமாறி நின்றபோது மூக்குக்கு முன்னால் பின்திரை தொங்கியது.

“மாஸ்டர், எங்க இருக்கீங்க?”

பதில் இல்லை. அவன் திரும்பி அந்தக் கருப்பைப் பார்த்து நின்றான். தன்னை ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்று தோன்றியது. இந்த ஒரு வருடமாக இப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்றும் தோன்றியது. காலையில் அந்தப் பெண்ணிடம் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது.

அப்போது தூரத்தில், இருட்டுக்கு நடுவே, சின்னதாக ஒரு சிவப்பு எரிந்தது.

அவன் யோசிக்கவில்லை. கண் போய் அதைப் பிடித்துக்கொண்டது. சுழன்றான். நான்கு சுற்று. முட்டி வலித்தது, மூச்சு வாங்கியது. ஆனால் நின்றபோது சிவப்பு நேர் எதிரே இருந்தது.

“பல்பு!” என்று கத்தினான். “அந்தச் செவப்பு பல்பு! நான் ஆடின எல்லா அரங்கத்துலயும் இருந்துச்சே மாஸ்டர். இங்க உள்ள ஆளுங்க ஏன் மாட்டல?”

“எந்த ஊர் அரங்கத்துல மாட்டினாங்க?” இருட்டுக்குள்ளிருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

“எல்லா ஊர்லயும்தான். அது அரங்கத்தோட…”

பாதியில் நிறுத்தினான்.

“நத்தர்ஷா எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல லைட்டுப் பெட்டியத் திறக்க மாட்டார்” என்றார் மாஸ்டர். “பைலேர்ந்து ஒரு சின்ன பல்ப எடுத்துக்கிட்டுக் கடைசி வரிசைக்குப் பின்னால போவார். சுவத்துல மாட்டிட்டு, மேடைக்கு வந்து நின்னு பாப்பார். திரும்பப் போவார், ஆடறவங்க கண்ணு மட்டத்துக்குக் கொஞ்சம் எறக்குவார். அப்புறம்தான் டீயே குடிப்பார்.”

அறவாழி மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். அவன் ஆடிய காலத்தில் அந்தப் பல்பு இருந்தது. அவன் மற்றவர்களை ஆடவைத்த காலத்திலும் இருந்திருக்கிறது. ஒரு சுவர், ஒரு கதவு மாதிரி அதுவும் கட்டடத்தோடு வந்தது என்று நினைத்துவிட்டான்.

“இத்தன வருஷத்துல ஒரு தடவகூடச் சொல்லலையே அவன்.”

“ஒத்திகை நடக்கும்போது நீங்க எங்க உக்காருவீங்க?”

“நாலாவது வரிசைல. நடுவுல.”

“எந்தப் பக்கம் பாத்து?”

அறவாழி தலை குனிந்தான்.

மாஸ்டர் இருட்டில் மெதுவாக நடந்து வந்தார். கையில் ஒரு சிவப்பு பல்பு, அதிலிருந்து ஒயர் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. மேடை அருகே வந்து தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

“ஜெனிதாகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்” என்றான் அறவாழி.

“கேக்கணும்.”

“இத நீங்க புடிச்ச அதே எடத்துல மாட்டிடறேன், மாஸ்டர்.”

“நான் குட்டை. கை வலிச்ச எடத்துல நிறுத்தினேன். நீங்க பழகின ஆளு, சமாளிச்சிட்டீங்க. அவளுக்கு அது சரிப்படுமான்னு எனக்குத் தெரியாது.”

அறவாழி போனை எடுத்தான். பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடமாகப் பலமுறை எடுத்துப் பார்த்து மூடிவைத்த பெயர்தான். கட்டை விரல் அதன் மேலேயே நின்றது.

“தனியா இருக்கேன், மாஸ்டர்” என்றான். குரல் உடைந்துவிட்டது. “அவன் இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடல. ஆனா இப்பக் கூப்பிட்டு என்னன்னு பேசறது? தப்புப் பண்ணிட்டேன்னா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?”

மாஸ்டர் பல்பை அவன் மடியில் வைத்தார்.

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். ஜெனிதா அஞ்சடி மூணு அங்குலம். பல்பு எந்த ஒசரத்துல மாட்டணும்னு கேளுங்க.”