முப்பத்தெட்டில் நிற்கிற சிடி

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடத்தைக் குரலில் பதிந்து, சிடியில் எழுதி அனுப்புகிற அறை ஒன்று அம்பாசமுத்திரத்தில் இருந்தது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் டிபன் தட்டு அளவுக்கு மெலிசாக ஒரு சிடி டிரைவ். பட்டனை அமுக்கினால் டிரே வெளியே வரும். சிடியை அதில் வைத்து உள்ளே தள்ள வேண்டும்.

அறைக்குப் பொறுப்பு தவமணி டீச்சர். வயது முப்பத்தொன்று. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர் நயினார். வயது அறுபது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இவர் அவரை டீச்சர் என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

எல்லாம் அழித்து அழித்து எழுதுகிற சிடிகள். வாரத்துக்கு ஒரு தடவை தென்காசி விடுதியிலிருந்து திரும்பி வரும். பழைய பாடத்தை அழித்துவிட்டுப் புதுப் பாடத்தை எழுதி, நாலரை மணி பஸ்ஸில் கொடுத்து விடுவார்கள்.

பத்து நாளாக ஒரு சிடியும் முழுசாக எழுதி முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் டீச்சர் வந்ததும் நயினார் ஆரம்பித்தார்.

"டீச்சர், சிடி எல்லாம் கெட்டுப்போச்சு. முப்பத்தெட்டு சதவீதம் வரைக்கும் போகுது. பொறவு எழுத முடியலைன்னு சொல்லி டிரைவ் வெளிய தள்ளிருது. டிக்கெட் எடுக்காதவனை நடுவழியில எறக்கிவிட்ட மாதிரி."

"நீங்க எத்தனை பேரை எறக்கிவிட்டீங்களோ. இப்ப அது உங்களை எறக்குது."

"கேலி பேசாதீங்க டீச்சர். ஒம்போது சிடி போச்சு."

"எப்படிக் கெட்டுச்சாம்?"

"பிள்ளைக கைதான். கண்ணு தெரியாதுல்லா, எல்லாத்தையும் விரலாலதான் பாக்குதுக. தலைக்கு எண்ணெய் தேச்ச கையோட சிடியைத் தடவுதுக. முந்தாநாள் போன் போட்டு நல்லாக் கேட்டுவிட்டேன்."

"யாரை?"

"இசக்கியை. அவதானே விடுதியில எல்லாருக்கும் சிடி எடுத்துக் குடுக்கா. நீ தொட்டுத் தொட்டே ஒம்போது சிடி பாழாப்போச்சுன்னேன். போனை வச்சிட்டா."

டீச்சர் கைப்பையை மேசையில் வைத்தார்.

"விடுதி அம்மா நேத்து ராத்திரி பேசினாங்க அண்ணாச்சி. இசக்கி அவளோட சிடி பெட்டியைத் துணியில சுத்தி அலமாரி மேல வச்சுட்டாளாம். எனக்கு இனிமே அனுப்ப வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கன்னு சொல்லுதாளாம்."

"பரிட்சை?"

"திங்கக்கிழமை. வரலாறு. கடைசி நாலு பாடம் இன்னும் அவகிட்ட போகலை."

"நான் அவளைப் படிக்கக் கூடாதுன்னா சொன்னேன்?" என்றார் நயினார்.

"மொதல்ல சிடியைப் பாப்போம்," என்றார் டீச்சர்.

நயினார் ஒரு சிடியை எடுத்து, துடைக்கவும் எழுதுகிற வேகத்தை மாற்றவும் சேர்த்தே போனார். டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்ணொண்ணா மாத்துங்க. பிள்ளைக்கு வயித்துவலின்னா பாலையும் சோத்தையும் சேத்தா நிப்பாட்டுவீங்க? எது ஒத்துக்கலைன்னு எப்படித் தெரியும்?"

முதலில் வேகத்தைக் குறைத்தார்கள். பத்தில் இருந்ததை நாலில் வைத்தார்கள். முப்பத்தெட்டில் நின்றது.

அடுத்து சிடியைத் துடைத்தார்கள். நயினார் தட்டு கழுவுவது போல வட்டமாகத் துடைத்தார்.

"சுத்திச் சுத்தித் துடைக்காதீங்க. நடுவுல இருந்து வெளிய."

அப்படியே துடைத்தார். நாற்பத்தொன்றில் நின்றது.

"மூணு ஸ்டாப் கூடப் போயிருக்கு," என்றார் நயினார்.

"அழிக்கும்போது எப்படி அழிச்சீங்க?"

"சீக்கிரம் அழிக்கிறதுன்னு ஒண்ணு இருக்குல்லா, அதுதான். ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

"அது முன்னால இருக்கிற பாடப் பட்டியலை மட்டும் அழிக்கும். பழைய பாடம் உள்ள அப்படியே கிடக்கும்."

"அழிஞ்சிருச்சுன்னுதானே டீச்சர் காட்டுது?"

"காட்டும்."

நயினார் யோசித்தார். பிறகு, முழுசாக அழிக்கிறதைத் தொட்டார். பத்து நிமிஷம் ஆனது. இருபது ஆனது.

"இதுக்குள்ள கல்லிடைக்குறிச்சிக்கு ஒரு டிரிப் அடிச்சிட்டு வந்திருவேன்."

"உக்காருங்க. உள்ள இருந்து ஓரம் வரைக்கும் அது போகணும்."

உட்கார்ந்தார். முழுசாக அழிந்தது. திரும்ப எழுதிப் பார்த்தார்கள். முப்பத்தாறில் நின்றது.

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு புது சிடி எடுத்தார். மேலே சுற்றிய கண்ணாடிக் காகிதம்கூடப் பிரிக்காதது. நயினார் கையிலேயே கொடுத்தார். அவர் ஓரத்தில் பிடித்துப் பிரித்து, டிரேயில் வைத்து, உள்ளே தள்ளினார்.

இருபத்தொன்பதில் நின்றது.

"இதை இசக்கி தொடலையே," என்றார் டீச்சர்.

நயினார் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ரேகையும் இல்லை. அவர் முகம்தான் அதில் தெரிந்தது.

"டிரைவும் நல்லாத்தான் இருக்கு டீச்சர். தினமும் மத்தியானம் பாட்டு சிடி போடுதேன். தங்கு தடையில்லாமப் பாடுதே."

"டிரைவ் வெளிச்சத்தாலதான் வேலை செய்யும். படிக்கிறதுக்குக் கொஞ்சம் வெளிச்சம் போதும். எழுதுறதுக்குத்தான் நிறைய வேணும்."

"அப்ப குத்தம் எங்கதான் இருக்கு?"

டீச்சர் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

"காலையில வந்ததும் இங்க என்ன செய்வீங்களோ, அதை இப்ப ஒரு தடவை செய்ங்க."

"எல்லாமா?"

"எல்லாம்."

நயினார் செருப்பைக் கழற்றினார். ஜன்னலைத் திறந்தார். காலண்டர் முருகனைக் கும்பிட்டார். மேசையைத் தூசி தட்டினார். சின்னத் தட்டில் சாம்பிராணி ஒன்றை வைத்துப் பற்ற வைத்தார். புகை எழுந்ததும் முருகனுக்குக் காட்டினார், கம்ப்யூட்டருக்குக் காட்டினார். பிறகு டிரைவின் பட்டனை அமுக்கினார். டிரே வெளியே வந்தது. அதற்குக் கீழேயும் மேலேயும் மூன்று சுற்று சுற்றினார்.

"டிரேயை எதுக்குத் திறந்தீங்க?"

"வேலை செய்யிறது உள்ள இருக்கிறதுதானே. அதுக்கும் போகட்டும்னுதான்."

"எப்ப இருந்து?"

"தை பொறந்ததுல இருந்து. முப்பது வருஷம் பஸ்ஸுக்குக் காட்டினவன், இதுக்குக் காட்டாம இருப்பனா? சாம்பிராணி பாக்கெட்டுல போட்டிருக்கிற பேரே கம்ப்யூட்டர் சாம்பிராணிதானே டீச்சர்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டார்.

"உங்க கண்ணாடியைக் கழத்துங்க."

கழற்றிக் கொடுத்தார். டீச்சர் அதைப் புகைக்கு மேலே பிடித்தார். மறுபக்கமும் திருப்பிப் பிடித்தார். சாம்பிராணி எரிந்து தீருகிற வரைக்கும் பிடித்திருந்தார். நயினார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"போட்டுக்கோங்க. எதிர்க்க என்ன தெரியுது?"

"காலண்டர் தெரியுது. முருகன் தெரியுதாரு. தேதி தெரியுது."

"நல்லது." டீச்சர் ஒரு சிடி உறையையும் பேனாவையும் நீட்டினார். "இந்தக் கோட்டு மேல இசக்கின்னு எழுதுங்க."

நயினார் குனிந்து எழுதினார். முதல் எழுத்து கோட்டில் நின்றது. இரண்டாவது கீழே இறங்கியது. மூன்றாவது உறையை விட்டே வெளியே போய் மேசையில் விழுந்தது.

நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேநீர் ஆடை மாதிரி பழுப்பாக ஒரு படலம்.

டிரைவுக்கு வரும் வயரை உருவிவிட்டு டிரேயை முழுசாக வெளியே இழுத்தார். சிடி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் உளுந்தம்பருப்பு அளவுக்கு, வெளிச்சம் வருகிற கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் மேலும் அதே பழுப்பு.

டீச்சர் காது குடைகிற பஞ்சுக் குச்சியும் ஸ்பிரிட்டும் கொடுத்தார்.

"ஒரு சொட்டு போதும். அழுத்தாதீங்க. கைப்பிள்ளை கண்ணைத் துடைக்கிற மாதிரி."

நயினார் துடைத்தார். பஞ்சு பழுப்பானது. இன்னொன்று எடுத்தார். மூன்றாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. காயும் வரைக்கும் காத்திருந்தார்கள்.

திரும்பி வந்த சிடிகளில் ஒன்றை எடுத்தார். இசக்கி கொடுத்து அனுப்பியது. இந்தத் தடவை அவராகவே முழுசாக அழிக்கிறதைத் தொட்டார். எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

எழுத ஆரம்பித்தது. முப்பத்தெட்டு வந்தபோது நயினார் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். முப்பத்தொன்பது. நாற்பது. அறுபது. நூறு.

போட்டுக் கேட்டார்கள். நாலு பாடமும் தவமணி டீச்சர் குரலில் தெளிவாக இருந்தன.

"எண்ணெயெல்லாம் ஒண்ணும் இல்லை," என்றார் நயினார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது.

சிடியைப் புது உறையில் போட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதன் மேல் பெயர் எழுதினார். எழுத்து கோட்டில் நின்றது. மணி நாலு.

"டீச்சர், இசக்கிக்கு போன் போட்டுருதேன். உன் கையில தப்பில்லை தாயி, என் புகையிலதான் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிருதேன். ஒரு நிமிஷ வேலை. அதோட முடிஞ்சிரும்லா?"

"முடிஞ்சிருச்சுன்னு காட்டும்," என்றார் டீச்சர்.

நயினார் கையில் இருந்த போனைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டார்.

நாலரை மணி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பழகிய ஆள். படியில் நின்றபடியே உறைக்குக் கையை நீட்டினார்.

நயினார் உறையைக் கொடுக்கவில்லை. உள்ளே ஏறினார்.

"தென்காசி ஒண்ணு," என்றார்.