செல்லப்பனுக்கு ஊட்டிய பேச்சி

மலைக்காட்டில் பேச்சி என்று ஓர் இருவாச்சிப் பறவை. வீட்டுக்கு மூத்த பெண். தாயில்லாத நாலு தம்பி தங்கைகளுக்கு அதுதான் பழம் ஊட்டி வளர்த்தது. தனக்குப் பசி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அதைக் கட்டிக்கொண்டதோ செல்லப்பன். கடைக்குட்டி! அலகைப் பிளந்தால் யாராவது பழம் போடுவார்கள் என்றே வளர்ந்த பிள்ளை. பெண் பார்க்க வந்த இடத்திலேயே அலகைப் பிளந்தது. பேச்சி ஓர் அத்திப்பழத்தைப் போட்டது. ஆகா, என்ன பொருத்தம்! இரண்டும் சொக்கிப்போயின.

முட்டையிடும் காலம் வந்தது. இருவாச்சிகளின் வழக்கப்படி பேச்சி மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டது. அலகு நீட்ட ஒரு சந்துதான் மிச்சம். இறகெல்லாம் உதிர்ந்துவிடும். இனிப் புருஷன் ஊட்டினால்தான் சாப்பாடு.

செல்லப்பன் தினமும் பத்துப் பழம் கொண்டுவரத்தான் செய்தது. பத்தையும் சந்தின் விளிம்பில் வைத்துவிட்டு, "அப்பாடா! பறந்து பறந்து களைச்சுட்டேன் பேச்சி!" என்று அலகைப் பிளக்கும்.

"ஐயோ, என் ராசா!" பேச்சியின் அலகு தானாக நீளும். ஒன்பது பழம் செல்லப்பன் வாய்க்கே போய்விடும்.

அதற்குத் தொப்பை விழுந்தது. பேச்சி எலும்பும் தோலுமானது.

பக்கத்துக் கிளையில் இருந்த மலை அணில் சிரித்தது. "ஏன்க்கா, நீ அடைகாக்கிறது முட்டையையா, மாப்பிள்ளையையா?"

"பாவம், அது சின்னப்பிள்ளை."

"சின்னப்பிள்ளையா? உட்கார்ந்தா கிளை வளையுது! பசிக்குதுன்னு சொல்லித் தொலையேன்!"

"எனக்குச் சொல்ல வரலையே!" என்று பேச்சி அழுதேவிட்டது.

பட்டினி உடம்பில் சூடில்லாமல், அன்று முட்டையைத் தொட்டால் லேசாகச் சில்லிட்டிருந்தது. பேச்சிக்கு உயிரே போய்விட்டது.

செல்லப்பன் வந்தது, பழத்தை வைத்தது, அலகைப் பிளந்தது. உள்ளேயிருந்தும் ஓர் அலகு பிளந்தது! நடுவில் பழங்கள். இரண்டும் அப்படியே நின்றன. அணில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"என்ன பேச்சி, கொட்டாவியா?"

"பசி! பசிக்குதுய்யா! முட்டை சில்லிட்டுப் போகுது!"

"உனக்கும் பசிக்குமா? சொல்லவே இல்லையே!"

செல்லப்பனுக்கு ஊட்டவும் தெரியவில்லை. முதல் பழம் பேச்சியின் கண்ணில் பட்டது. அடுத்தது தரையில் விழுந்தது. மூன்றாவது வாய்க்குள் போனது. பேச்சி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது.

"இன்னொண்ணு!" என்றது.

தொப்பை குலுங்கச் செல்லப்பன் பறந்தது.

சில வாரத்தில் குஞ்சு பொரிந்து அலகைப் பிளந்தது. பேச்சி பரபரத்தது. "நீ முதல்ல சாப்பிடு. எனக்கு இப்போ குறி தப்பாது!" என்றது செல்லப்பன்.

பிறந்த வீட்டில் போட்ட வேஷத்தைக் கலைக்காமல் குடும்பம் நடத்தினால், ஒருவர் வயிறு உப்பும், மற்றவர் வயிறு காயும்.