கற்றாழைக்குக் கிடைத்த தண்டனை

பாறை மிகுந்த, மழை குறைந்த ஒரு காட்டில் வீட்டுக்கு வீடு வாசலில் கற்றாழை இருந்தது. ஆற்றில் அடித்து வந்த பழைய சட்டிகளில் விலங்குகள் அதை வளர்த்தன. முள் கிழித்த காயத்துக்கும் பாறை சுட்ட பாதத்துக்கும் கற்றாழைச் சோறுதான் மருந்து. வேறு மருந்து அங்கே கிடையாது.

அந்தக் காட்டுக்கு யானை தலைவன். காலையில் ஓடையில் தும்பிக்கையை நிரப்பிக்கொண்டு வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு சட்டியிலும் வழிய வழிய ஊற்றும். ஊற்றி முடித்ததும் வீட்டுக்காரர் நெற்றியைத் தரையில் வைத்து, "ஐயா ஊற்றினார், நாங்கள் வாழ்கிறோம்" என்று சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால், கூடவே வரும் நரி, "காதில் விழவில்லை" என்று சொல்லும். மறுபடி சொல்ல வேண்டும்.

கோடை தொடங்கியபோது செடிகள் வாடின. இலைகள் மஞ்சளாகித் தொங்கின.

"தண்ணீர் போதவில்லை ஐயா," என்றது நரி. "நன்றியும் போதவில்லை."

அன்று முதல் யானை மாலையிலும் ஊற்றியது. நெற்றிகளும் இரண்டு வேளை தரைக்குப் போயின.

ஒரு வாசலில் மட்டும் முள்ளம்பன்றி சட்டியை மறைத்துக்கொண்டு நின்றது.

"விலகு," என்றது யானை.

"வேண்டாம் ஐயா. நேற்று ஊற்றியதே இன்னும் காயவில்லை. என் செடிக்குத் தாகம் இல்லை."

நரி சிரித்தது. "உனக்கு யார் சொன்னது? செடியா?"

"ஆமாம். தொட்டுப் பார், இலை கெட்டியாக இருக்கிறது. பிறகு உன் வாசல் செடியைத் தொட்டுப் பார். கொழகொழவென்று கையோடு வரும்."

யானையின் காதுகள் விறைத்தன. "நான் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல இந்தக் காட்டில் யாருக்கும் வாய் கிடையாது."

"எனக்கு இருக்கிறது," என்றது முள்ளம்பன்றி. அதன் முட்கள் சிலிர்த்து நின்றன.

"சரி. மழைக்காலம் வரும்வரை உன் சட்டியில் ஒரு சொட்டு விழக் கூடாது. அதுதான் உனக்குத் தண்டனை. செடி செத்தால் நீ காட்டை விட்டே போய்விட வேண்டும்."

"சாகாவிட்டால்?"

யானை அடுத்த வாசலுக்குப் போய்விட்டது. எதிர்க்கேள்வி கேட்டு அதற்குப் பழக்கமில்லை.

யாரும் திருட்டுத்தனமாக ஊற்றிவிடாதபடி குரங்கு காவலுக்கு உட்கார்ந்தது. முள்ளம்பன்றி சட்டியின் அடியைப் பல்லால் கொறித்துத் துளை போட்டது. உள்ளே இருந்த களிமண்ணைக் கொட்டிவிட்டு, ஆற்று மணலும் பொடிக்கல்லும் நிரப்பிச் செடியை மறுபடி நட்டது.

"ஓட்டைச் சட்டியில் எவராவது செடி வைப்பார்களா?" என்று கேலி செய்தது குரங்கு.

"தண்ணீர் வரலாம். தங்கக் கூடாது," என்றது முள்ளம்பன்றி.

வெயில் ஏறியது. கற்றாழை மெலிந்தது. இலைகளின் நுனி சிவந்தது, ஓரம் உள்ளே சுருண்டது. "சாகப் போகிறது ஐயா" என்று குரங்கு ஓடி ஓடிச் சேதி சொன்னது.

பக்கத்து வளை முயல் ஒரு தொன்னையில் தண்ணீர் கொண்டுவந்தது. "குரங்கு தூங்குகிறது அக்கா. கொஞ்சம் ஊற்றிவிடவா? உன்னைத் துரத்திவிடுவார்களே."

முள்ளம்பன்றி ஓர் இலையை மெல்ல அழுத்திப் பார்த்தது. அதற்கும் பயம்தான். அந்த வளையை விட்டால் போக இடம் கிடையாது.

"வேண்டாம். இளைத்திருக்கிறது, அவ்வளவுதான். சேர்த்து வைத்ததைச் சாப்பிடுகிறது. உன் செடி எப்படி?"

முயல் தலையைக் குனிந்தது. "நாறுகிறது அக்கா."

"அழுகிய அடியை வெட்டி எறி. நல்ல மேல்பகுதியை நிழலில் போட்டு வை. வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டட்டும். பிறகு மணலில் ஊன்று. வேர் பிடிக்கும்வரை தண்ணீரைக் காட்டாதே."

"யானை ஊற்ற வருமே?"

"அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அது உன் வாயில்தான் இருக்கிறது."

முதல் மழை வந்தது. காடே முள்ளம்பன்றியின் வாசலில் கூடியது. மழைநீர் சட்டியின் துளை வழியாக ஓடிப்போனது. குடித்தமட்டும் குடித்த கற்றாழை உப்பி நிமிர்ந்து நின்றது. அதன் காலடியில் மணலைத் தள்ளிக்கொண்டு ஒரு கன்றும் எட்டிப் பார்த்தது.

"சாகவில்லை ஐயா," என்றது குரங்கு. இந்த முறை மெதுவாகச் சொன்னது.

நரி முந்திக்கொண்டது. "ஐயா தண்டித்ததால்தான் பிழைத்தது. நெற்றியை வை. நன்றி சொல்."

"ஊற்றினாலும் நன்றி, ஊற்றாவிட்டாலும் நன்றியா?" என்றது முள்ளம்பன்றி. "என் நெற்றி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். யானை திரும்பி நடந்தது. கொட்டும் மழையிலும் தும்பிக்கையை நிரப்பிக்கொண்டு முயலின் வாசலுக்குப் போனது.

முயல் அன்றுதான் வெட்டுக் காய்ந்த மேல்பகுதியைச் சட்டி மணலில் ஊன்றி, மழை படாதபடி பாறையடியில் வைத்திருந்தது. யானையைக் கண்டதும் சட்டிக்கு முன்னால் வந்து நின்றது. "எனக்கும் அந்தத் தண்டனையே போதும் ஐயா."

"எனக்கும்," என்றது அணில்.

"எனக்கும் அதையே கொடுங்கள்," என்றது கீரி.

முயல் சொல்லிக் கொடுத்தபடி அவையும் வெட்டிய மேல்பகுதிகளைக் காயவைத்து ஊன்றியிருந்தன.

யானை வாசல் வாசலாகப் பார்த்தது. எல்லா வாசலிலும் சட்டிக்கு முன்னால் யாரோ நின்றார்கள். நரியின் வாசலில் மட்டும் வழியை யாரும் மறிக்கவில்லை. தும்பிக்கையில் இருந்த அத்தனையையும் யானை அங்கே கொட்டியது.

நரி நெற்றியைத் தரையில் வைத்தது. அங்கே தரை இல்லை, சேறுதான் இருந்தது.

நீதி: வேண்டாததைத் திணிப்பது கொடை ஆகாது, அதை மறுப்பது நன்றிகெட்ட செயலும் ஆகாது.